தன்னழிவு என்ற சொல்லுக்கு வேப்பவலசில் வழங்கும் பொருள்

ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருடங்களில், பள்ளிபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வேப்பவலசு என்ற தறிக்கார ஊரில், நான் என்னை நானே கெடுத்துக்கொண்ட போதெல்லாம் கரண்ட் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். அணை கட்டினால் கரண்ட் வருகிறது, நிலக்கரியை எரித்தால் வருகிறது, காற்றாடி சுற்றினால் வருகிறது, நல்லசிவம் கெட்டுப்போனாலும் வருகிறது, அவ்வளவுதான்.

நல்லசிவம் என்பது நான். பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்து வைத்தார்கள், பின்னால் வரப்போவது அவர்களுக்கு எப்படித் தெரியும். எம்.ஏ. தமிழ் படித்தேன், பதினோரு வருடமாகத் தாலாட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினேன், ஐந்து ஊரில் ஐந்து வேலை பார்த்து ஐந்தையும் யாருடைய உதவியும் இல்லாமல் நானே தொலைத்தேன். முப்பத்தொன்பதாவது வயதில் வேப்பவலசுக்கு வந்து பாவடித் தெருவில் ஓர் அறை பிடித்தபோது என் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் ஒரு சட்டை, ஒரு துண்டு, சான்றிதழ்கள், ஈரோடு பஸ் நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று குறித்து வைத்த ஒரு தாள். எந்த ஊரிலும் அந்தப் பையை நான் பிரித்ததில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவேன், கிளம்பும் நாளில் எட்டி எடுத்தால் போதும்.

பிழைப்புக்குத் தறிக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், அதனால் ஊருக்கு நான் வாத்தியார். பெருமைக்கு ஓர் அகராதி வேலை பார்த்தேன். சென்னையில் ஒரு பதிப்பாசிரியர் பெரிய அகராதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் சொற்களைத் தபாலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் பொருளும், அதன் கீழே பயன்பாட்டைக் காட்ட ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பச் சொல்வார். எனக்கு வந்த நூற்றிருபதில் நூற்றுப்பத்தொன்பதை மூன்று மாதத்தில் முடித்துவிட்டேன். மிச்சமிருந்தது தன்னழிவு. 'ஒருவர் தமக்குத் தாமே கேடு விளைவித்துக்கொள்வது' என்று பொருள் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாக்கியம்தான் வரவில்லை, எதை எழுதினாலும் என் சுயசரிதை மாதிரியே இருந்தது. ஒருமுறை சாவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினேன். 'அதற்கு வேறு சொல் உண்டு. இது உயிரோடு, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவரைப் பற்றிய சொல்' என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். அதுவரை வேறு யாரும் என்னை இவ்வளவு சரியாக விவரித்ததில்லை.

முதல் முறை கரண்ட் வந்தது ஒரு சித்திரை மாதத்துப் பகல் பதினொரு மணிக்கு. தெருவில் தறிச் சத்தம் இல்லை, டீக்கடை பெஞ்சில் நெசவாளர்கள் பனியனைத் தூக்கி விசிறிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் நடுவே நானும் இருந்தேன். செல்போன் அடித்தது. போன வருடம் எனக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பிய ஒரு கல்லூரியின் முதல்வர் பேசினார். தமிழ்த்துறையில் இடம் காலியாகியிருக்கிறது, திங்கட்கிழமையே வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். பத்து வருடமாக நான் கனவில் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது. 'வருகிறேன் ஐயா' என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது, நூற்றுப்பத்தொன்பது சொற்களுக்குப் பொருள் எழுதியவனுக்கு அந்த இரண்டு சொல் வாயில் வரவில்லை. "போன வருஷமே கூப்பிட்டிருக்கணும். அப்ப உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனை அணைத்தேன். அணைத்த அதே நொடியில் தெருவின் இரண்டு பக்கமும் இருந்த தறிகள் ஒன்றாகத் தடதடவென்று ஓட ஆரம்பித்தன, டீக்கடை ஃபேன் சுற்றியது, ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து பாடியது. மதியம் இரண்டு மணிவரை கரண்ட் இருந்தது. எல்லோரும் வேலை பார்க்க ஓடினார்கள், யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை, நாற்பத்தொரு நாளாக விட்டிருந்த பீடியை, விட்டதற்காக எனக்கு நானே ஒரு பரிசு கொடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றி, அதே கடையில் பற்றவைத்தேன். முதல் புகை வெளியே வருவதற்குள் தறிகள் ஓடின. எதிரே மின்கம்பத்தில் ஏறி நின்ற வயர்மேன் செங்கோடன் கீழே குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

"பீடி பத்த வச்சேன்."

"அன்னைக்குப் போன்ல?"

"தேடி வந்த வேலைய வேண்டாம்னேன்."

செங்கோடன் கம்பியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். இருபது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர் என்பதால் எங்கிருந்து எங்கே போகிறது என்பது அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "மேல லைன்ல சப்ளையே இல்லீங்க. இந்தத் தெருக் கம்பியில மட்டும் இருக்குது. இது உங்ககிட்டருந்துதான் வருது," என்று சொல்லிவிட்டு, விஷயம் முடிந்த மாதிரி இறங்கி வந்து டீ சொன்னார்.

அவர் போய்ப் பன்னிரண்டு தறி வைத்திருந்த ராக்கியண்ணனிடம் சொன்னார். ராக்கியண்ணன் மரியாதை தெரிந்த மனிதர், துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "ஒருக்கா சோதிச்சுப் பாத்துரலாமுங்களா? பெருசா ஏதாச்சும் இருந்தா நல்லதுங்க," என்றார். என்னால் ஓர் ஊருக்கு ஆகவேண்டிய காரியம் இருக்கிறது என்று என் வாழ்நாளில் யாரும் வந்து கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய், பதினோரு வருட ஆய்வேட்டை, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து வந்து, ஊரே பார்க்க டீக்கடை அடுப்பில் போட்டேன். மூன்று நாள் கரண்ட் இருந்தது. அதை முடித்திருந்தால் ஐந்து பேர் படித்திருப்பார்கள், எரித்ததில் ஐந்நூறு குடும்பம் பலனடைந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. காலையில் என்னைப் பார்க்கிறவர்கள் "இன்னைக்கு எப்படிங்க, கெட்டுப்போற மாதிரி இருக்குதுங்களா?" என்று விசாரித்தார்கள், நான் முகத்தைச் சுளித்தால் வீட்டுக்குப் போய் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையில் மஞ்சள் தடவி எனக்கு முதல் பத்திரிகை வைத்து, ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் யாரிடமாவது ஒரு சண்டை போட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள், மறுபரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெற்றோர்கள் வந்து கண் கலங்கினார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி என் நட்சத்திரத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் புத்தி வந்துவிடக் கூடாது என்று அர்ச்சனை செய்தார். கரண்ட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து மீட்டரைப் பார்த்து, கம்பியைப் பார்த்து, என்னைப் பார்த்து, 'காரணம் கண்டறியப்பட்டது, சரிசெய்ய இயலாது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் அந்தச் சமயத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டுப்போகிறவனுக்கு அவ்வளவு மிடுக்கு இருந்தது.

சொல்லின் பொருளும் இந்தக் காலத்தில்தான் எனக்குத் துலங்கியது. நடித்தால் கரண்ட் வராது: எனக்குப் பிடிக்காத ஓர் ஆட்டை என்னிடம் கொடுத்து நான் அதை விரட்டிவிட்டபோது ஒரு பல்புகூட மினுங்கவில்லை. பிறர் கெடுத்தாலும் வராது: அவசரக்காரன் ஒருவன் என் சைக்கிளை உடைத்துப் பார்த்தான், அவனுக்குத் திட்டு கிடைத்ததே தவிரத் தெருவுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை. நானே, எனக்கு வேண்டியதை, வேண்டாம் என்று தள்ள வேண்டும். இதையெல்லாம் அட்டை அட்டையாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். 'தாங்கள் சொல்லை விட்டு வெகுதூரம் போய்விட்டீர்கள், வாக்கியம் ஒன்று போதும்' என்று பதில் வந்தது.

ஆனி மாதம் முடிவதற்குள் என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. அண்ணனோடு பேச்சை முறித்தாயிற்று, பல்லைக் கெடுத்தாயிற்று, டியூஷன் பிள்ளைகளில் நன்றாகப் படித்த இருவரையும் கத்தி விரட்டியாயிற்று. கடைசியாக இருந்த நல்ல செருப்பை வாய்க்காலில் எறிந்தபோது தெருவிளக்கு ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. செங்கோடன் உதட்டைப் பிதுக்கினார். "இவருகிட்ட இனி கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அவர் சொன்னதை எந்த அகராதியிலும் நான் படித்ததில்லை. "கெடுக்கோணும்னா மொதல்ல நல்லது வேணுமில்லீங்க? நாமதானுங்க குடுக்கோணும்."

அப்படியாக வேப்பவலசு என்னை ஆளாக்க ஆரம்பித்தது. தினமும் ஒரு வீட்டிலிருந்து முட்டையும் கீரையும் வந்தன, உடம்பு தேறட்டும், பிறகு கெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கோயில் திருவிழாவுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள், பெரியவர்கள் எனக்கு எழுந்து நின்றார்கள், விரட்டப்பட்ட இரண்டு பிள்ளைகளும் சமாதானம் பேசித் திருப்பி அழைத்துவரப்பட்டார்கள். ஒரு மனிதனை அழிவதற்கென்றே இத்தனை அன்பாக யாரும் வளர்த்ததில்லை. எங்கள் அம்மா இருந்திருந்தால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள், காரணத்தை மட்டும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

கமலவேணி வந்தது அப்போதுதான். ராக்கியண்ணன் பட்டறையில் தார் போடுகிறவள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றுவதைத்தான் தார் போடுவது என்பார்கள். முப்பத்தாறு வயது. தாலி கட்டிய பதினேழாம் நாள் திருப்பூருக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறிய அவள் புருஷன் திரும்பி வரவேயில்லை, ஏழு வருடம் கழித்துக் கோர்ட்டில் எழுதி முடித்துக்கொண்டாள். ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத நேரத்தில், ஓரம் கருகிய தாள்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு டீக்கடை அடுப்புல கைய உட்டு எடுத்தனுங்க. நாப்பத்திமூணு பக்கந்தான் கெடைச்சுது."

"எதுக்குங்க எடுத்தீங்க?"

"காயிதம் நல்லாருந்துது, அலமாரித் தட்டுல விரிக்கலாம்னு எடுத்தேன். அப்பறம் படிச்சுப் பாத்தனுங்க. தாலாட்டுல தாய்மாமனப் பத்தி எழுதீருக்கீங்கல்ல, வராத மாமனுக்குந்தான் நெறையப் பாட்டு இருக்குதுன்னு. அது நல்லாருக்குதுங்க. மிச்சம் எங்கீங்க?"

"மிச்சத்துலதான் மூணு நாள் இந்த ஊருத் தறி ஓடுச்சு."

"ஓடுனது லுங்கிங்க. அதத் திரும்ப நெஞ்சுக்கலாம். இத யாருங்க திரும்ப எழுதுவாங்க?"

ஐந்து ஊரிலும் என்னைப் பார்த்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்கள் உண்டு, மிச்சம் எங்கே என்று கேட்டவர் யாருமில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுததைப் பார்த்துவிட்டு அவள் கருகிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் கரண்ட் வரவில்லை, அவள் எழுந்து போன பிறகும் வரவில்லை, அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அந்த நாற்பத்துமூன்று பக்கத்தை வைத்து மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து எழுதியதைப் படித்துவிட்டுப் போவாள். ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, நான்கு பேர் பார்த்ததில் ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் கொண்டாடியது. ராக்கியண்ணன் தானே மாப்பிள்ளைத் தோழனாக முன்வந்து, ஆவணி கடைசி வெள்ளியில் முகூர்த்தம் குறித்து, மாரியம்மன் கோயில் மண்டபத்தைப் பிடித்தார். அவர்கள் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை பெரிய நல்லதை நான் கெடுத்தால் தீபாவளி வரைக்கும் தாங்கும் என்று செங்கோடன் மதிப்பிட்டிருந்தார், அதை நம்பிப் பட்டறைக்காரர்கள் ஈரோட்டுக் கடைகளுக்குத் தீபாவளி லுங்கி ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு ஒரு செரமமும் வேண்டாமுங்க," என்றார் ராக்கியண்ணன், என் தோளில் கையை வைத்து. "மண்டபத்துப் பின்கதவத் தெறந்து வச்சிர்றோம். செருப்ப வெளிய பாக்கத் திருப்பி வச்சிர்றோம். சைக்கிளுக்குக் காத்து அடிச்சாச்சு. கெட்டிமேளம் சொல்றப்ப நீங்க எந்திரிச்சு நடந்தாப் போதும்."

"கமலவேணிக்கு?"

"அந்தப் புள்ளைக்கு வேற நல்ல எடம் நாங்க பாக்கறமுங்க. உட்ருவமா?"

மோசமான மனிதர் இல்லை அவர். பன்னிரண்டு தறிக்குப் பின்னால் பன்னிரண்டு அடுப்பு இருந்தது, அதை எண்ணிப் பேசினார். எனக்குத்தான் பயமாக இருந்தது. ஊருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. ஐந்து ஊரில் என்னைப் பார்த்தவன் நான், நிச்சயம் ஓடிவிடுவேன் என்றே தோன்றியது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கமலவேணி பட்டறையிலிருந்து வரும் வழியில் என்னை நிறுத்தினாள்.

"பின்கதவு விசயமெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. ஒண்ணே ஒண்ணு. ஓடறதுன்னா தாலி கட்டறதுக்கு முந்தி ஓடிருங்க. கட்டிப்போட்டு ஓடுனா எனக்கு ரெண்டாவது தடவையாயிரும். அதத் தாங்க எனக்குத் தெம்பில்லீங்க."

அப்படிக் கேட்டவளிடம் 'ஓட மாட்டேன்' என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன், அது எதற்கான தலையாட்டல் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டறைக்காரர்கள் தறிகளில் பாவு நூல் ஏற்றி, நாடாவில் தார் போட்டு, ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கரண்ட் இல்லாத புழுக்கத்தில் ஐந்நூறு பேர் பத்திரிகையால் விசிறிக்கொண்டு, பெண்ணைப் பார்க்காமல், மாப்பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது, என் செருப்பு வெளியே பார்த்துக் கிடந்தது, அதற்கு அப்பால் சைக்கிள் தெரிந்தது, யாரோ அதற்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள். கெட்டிமேளம் என்றார்கள். எழுந்தேன். கூட்டம் மூச்சைப் பிடித்தது. கமலவேணி நிமிர்ந்து பார்க்கவில்லை, மடியிலிருந்த தேங்காயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், அவள் விரல் எலும்பெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. தார் சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய விரல்கள். நான் குனிந்து தாலியைக் கட்டினேன். மூன்றாவது முடிச்சை இறுக்கிய அதே நொடியில் மண்டபத்து ஃபேன்கள் எல்லாம் சுற்ற ஆரம்பித்தன, தெருவில் நானூறு தறி ஒன்றாக எழுந்து இரைந்தது.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் கைதட்டவில்லை. மாப்பிள்ளை ஓடியிருந்தால் கரண்ட் வந்திருக்க வேண்டும், ஓடாமல் தாலி கட்டியதற்கு வந்திருக்கிறது என்றால் அதற்கு என்ன பொருள் என்று அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். ஐந்நூறு பேரும் இப்போது பெண்ணைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. கமலவேணி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த ஃபேனக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. குத்துவெளக்கு அணையுது," என்றாள்.

கரண்ட் அன்று மாலை போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. கல்யாணம் என்றாலே அப்படித்தான் என்று டீக்கடையில் ஆண்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு அவரவர் வீட்டில் அன்றைக்கே சோறு கிடைக்காமல் போனது. நான் கமலவேணியின் வீட்டுக்குக் குடிவந்தேன். பீடி இல்லை, சண்டை இல்லை, அண்ணனுக்குக் கடிதம் போட்டு அவனும் பதில் போட்டான், ஆய்வேடு நூறு பக்கத்தைத் தாண்டியது. சந்தோஷமாக இருந்தேன், இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் ஸ்விட்சைப் போடுவாள், பல்பு எரியும், பல்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அடுப்படிக்குப் போவாள். நான் மட்டும் அந்தப் பல்பின் கீழே குற்றவாளியாக உட்கார்ந்திருப்பேன். எதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டும் எனக்குத் தெரியவில்லை.

பதினேழாம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசல்படியில் உட்கார்ந்து, பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கும் போகவில்லை. பதினெட்டாம் நாள் சாயங்காலம், தெருவெல்லாம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கக் கூடாது. பதினெட்டு நாளா பல்பு எரியுது. எதைங்க கெடுத்துக்கிட்டு இருக்கீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியலை, கமலா."

அவள் பார்வை என்னைத் தாண்டிக் கதவுக்குப் பின்னால் போனது. "அந்தப் பையில என்னுங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லை."

பல்பு பளீரென்று கூடியது. சுவரில் இருந்த பல்லி ஓடியது, எதிர்வீட்டுத் தறி தாளம் தப்பி வேகமெடுத்தது. இரண்டு பேரும் பல்பை அண்ணாந்து பார்த்தோம்.

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன வெளிச்சம்?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, புரிந்ததும் உடம்பு கூசியது. அவள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, யோசிக்காமல், பழக்கமாக, அந்த மஞ்சள் பையை அவள் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். தாலி கட்டிய நேரத்திலும் அது என் அறையில் பிரிக்காமல்தான் தொங்கியது. அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே ஒரு பஸ்ஸைத் தயாராக வைத்திருந்தேன். அவள் தினமும் கதவைச் சாத்தும்போது அந்தப் பையைப் பார்த்திருக்கிறாள். பெரிதாக எரிக்கவோ உடைக்கவோ வேண்டியதில்லை, ஒரு பை ஆணியில் தொங்கினால் போதும், பதினெட்டு நாள் ஓர் ஊருக்கே வெளிச்சம் கொடுக்கும். 'கல்யாணம் ஆன பிறகும் அவன் பையைப் பிரிக்காமலே வைத்திருந்தான்' என்று பிற்பாடு அந்த அட்டையில் வாக்கியம் எழுதி அனுப்பினேன். 'இதில் அழிவு எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பதிப்பாசிரியர் வேறு யாரோ எழுதியதைப் போட்டுக்கொண்டார். அவர் வீட்டில் பல்பு எப்படி எரிகிறதோ, எனக்குத் தெரியாது.

எழுந்து போய்ப் பையை எடுத்துவந்து அவள் முன்னால் பிரித்தேன். சான்றிதழ்களை அவள் வாங்கி, பெட்டியில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பல்பு கொஞ்சம் மங்கியது. துண்டை எடுத்து அடுப்படியில் கைப்பிடித் துணிக்கு ஆகும் என்றாள். பஸ் நேரம் எழுதிய தாளை விரித்து மெதுவாகப் படித்தாள்.

"திருப்பூருக்கு ஆறே முக்காலுக்கு ஒண்ணு இருக்குதுங்களா," என்றாள். தாளைக் கொண்டுபோய் அலமாரித் தட்டில் விரித்து, அதன் மேல் உப்பு ஜாடியை வைத்தாள். தெருவில் தறிகள் இழுத்து இழுத்து, நடக்க மாட்டாதவை போல் ஓடின. சட்டை ஒன்றுதான் மிச்சம். ஆறு வருடமாக மடித்தே கிடந்ததில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுத்திருந்தது. உதறி, கொடியில் அவளுடைய புடவைக்குப் பக்கத்தில் போட்டேன்.

போட்டதும் பல்பு அணைந்தது. நானூறு தறியும் ஒரே மூச்சில் நின்றன. அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை, கமலவேணி மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது, அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை, பிறகு இரண்டும் என்று தெரிந்தது. தெருவில் கதவுகள் திறந்தன, செங்கோடன் யாரையோ டார்ச் கேட்டார், ராக்கியண்ணன் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். தீபாவளி லுங்கியில் இன்னும் இரண்டு பேல் கட்டு பாக்கி, அந்தப் பதற்றம் அவர் குரலில் இருந்தது.

"வாத்தியாரே! ஏனுங்க வாத்தியாரே! என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கமலவேணி இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் பண்ணலீங்கண்ணா! சட்டையக் கொடியில போட்டாரு!"